உங்களுக்குத் தெரியுமா? நீலத்திரை வெள்ளிக்கிழமை

2024 ஜூலை 19, மலேசிய நேரம் பகல் 12.09. கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தயாரிக்கும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் பிழையான ஒரு கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றும், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி முடங்கின.

கேஎல்ஐஏ விமான நிலைய முனையம் 2-இல் ஏர் ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கேடிஎம் ரயில் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. வீட்டுக் கணினிகளுக்கோ ஆபத்தில்லை. அந்த மென்பொருள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கானது.

மருந்து எளிது, வேலைதான் பெரிது: ஒவ்வொரு கணினியையும் 'சேஃப் மோட்' முறையில் திறந்து, '291' எண் கொண்ட கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக் கணினியில் விண்டோஸின் சொந்தக் கோப்பு கெட்டால்? 'கமாண்ட் பிராம்ப்ட்'டை அட்மின் உரிமையுடன் திறந்து 'எஸ்எஃப்சி', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஸ்கேன்நவ்' என ஆங்கிலத்தில் தட்டுங்கள். கெட்ட கோப்பு இருந்த இடத்தில், விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் நல்ல பிரதி வந்து அமரும். நூறு விழுக்காடு காட்டும்வரை சன்னலை மூட வேண்டாம். அந்தப் பிரதியும் கெட்டிருந்தால் 'டிஸம்' கட்டளை இணையத்திலிருந்து புதியதைக் கொண்டுவரும். பிறகு 'எஸ்எஃப்சி'யை மறுபடி ஓட்டலாம்.

கிரவுட்ஸ்டிரைக் கோளாறை மட்டும் 'எஸ்எஃப்சி' தீர்த்திருக்காது. அந்தக் கோப்பு மைக்ரோசாஃப்டுடையதே அல்ல!