பறவையின் கண்ணுக்குப் பழைய என்லார்ஜர் லென்ஸ்

கண்ணுக்கு எட்டாத ஒளி – 9

மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் வாழையிலைக்கும் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டை நம்பியிருக்கும் தமிழர்கள், அங்குள்ள பழக்கடைகளில் கறுப்புத் திராட்சையையும் வெளிநாட்டு ப்ளூபெர்ரியையும் பார்த்திருப்பார்கள். இரண்டின் மேலும் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய படலம் இருக்கும். மருந்தடித்த மிச்சம் என்று பலர் அதைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். உண்மையில் அது பழமே சுரக்கும் மெழுகு. ப்ளூபெர்ரியைப் பிழிந்தால் நீலச் சாறு வராது, கருஞ்சிவப்புதான் வரும். மெழுகின் நுண்ணிய அமைப்பு நீலத்தையும் புற ஊதாவையும் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதே அந்த நீலத்துக்குக் காரணம் என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு 2024-இல் விளக்கியது. அதில் நீலம் மட்டும் நமக்குத் தெரிகிறது. புற ஊதாவும் சேர்த்துப் பல பறவைகளுக்குத் தெரிகிறது. நமக்குத் தெரியாத அந்தப் பங்கைப் படமெடுக்க லட்சக்கணக்கில் விலையுள்ள குவார்ட்ஸ் லென்ஸ் வேண்டுமா? டார்க் ரூம்கள் மூடப்பட்டபோது வேலையிழந்த என்லார்ஜர் லென்ஸே போதும் என்பது என் வாதம்.

இன்றைய ஜூம் லென்ஸில் பத்துப் பதினைந்து கண்ணாடிகள் இருக்கும். ஒவ்வொன்றும் புற ஊதாவைக் கொஞ்சம் விழுங்கும். அடர்ந்த ஃப்ளின்ட் கண்ணாடி நிறையவே விழுங்கும். ஒட்டுப்பசையும் பல அடுக்குப் பூச்சும் மிச்சத்தைத் தடுத்துவிடும். என்லார்ஜர் லென்ஸ் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது. நெகட்டிவின் பிம்பத்தைப் புரோமைடு தாளில் விழச் செய்ய வேண்டும். அந்தத் தாளோ நீலத்தையும் அதை ஒட்டிய புற ஊதாவையும்தான் நன்றாக உணரும். ஃபோகஸ் பார்ப்பது மனிதக் கண். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் இடமும் தாளுக்குக் கூர்மையான இடமும் ஒன்றாக இல்லாவிட்டால் பிரின்ட் மங்கிவிடும். அதனால்தான் நிகான் தன் ஈஎல்-நிக்கார் லென்ஸ்களில் 380 முதல் 700 நானோமீட்டர் வரை நிறப்பிழை திருத்தப்பட்டிருப்பதாகச் சொல்லி விற்றது. நாலு முதல் ஆறு கண்ணாடி, எளிய பூச்சு என்ற அமைப்பால், அந்த எல்லைக்குக் கீழேயும் கணிசமான ஒளி உள்ளே வருகிறது. உலோக உடல் கொண்ட பழைய 80 மி.மீ. எஃப்/5.6 மாடலைப் புற ஊதாப் படக்காரர்கள் தேடுவது இதனால்தான்.

‘நிகானே புற ஊதாவுக்கென்று 105 மி.மீ. யுவி-நிக்கார் லென்ஸைக் குவார்ட்ஸிலும் ஃப்ளோரைட்டிலும் செய்ததே, பழைய கண்ணாடி அதற்கு ஈடாகுமா?’ என்று கேட்கலாம். ஈடாகாது. அந்த லென்ஸ் 220 நானோமீட்டர் வரை இறங்கும். தடயவியலுக்கும் ஆய்வகத்துக்கும் அது தேவை. ஆனால் வெயிலில் வைத்த திராட்சைக்கு அந்த ஆழத்தில் வேலையே இல்லை. சுமார் 290-க்குக் கீழுள்ள சூரிய ஒளியை ஓசோன் தரைக்கு விடுவதில்லை. தேனீயின் புற ஊதா உணர்வு 344-ஐ ஒட்டியும், புற ஊதாவை நன்கு காணும் பறவைகளின் உணர்வு 365 வாக்கிலும் உச்சம் பெறுகின்றன. சென்சர் மேல் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியைக் கழற்றி மாற்றிய சாதாரண கேமராவின் சென்சரும் 340-க்குக் கீழே வேகமாகச் சோர்ந்துவிடுகிறது. ஆக, லென்ஸ் நிற்கும் இடமும் கேள்வி முடியும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதைவிட வலுவான ஆட்சேபம் நம்பகத்தன்மை பற்றியது. ஒரே பெயரில் வந்த பழைய லென்ஸ்கள் எல்லாம் ஒரே அளவு புற ஊதாவை விடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பூஞ்சை பிடித்ததும் பூச்சு மாறியதும் உண்டு. இது நியாயமான பேச்சு. அதற்கு மருந்து ஹார்டுவேர் கடையில் இருக்கிறது: பிளம்பர்கள் குழாயில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். ஆய்வக அளவுப் பலகைகளும் அதே பொருளில்தான் செய்யப்படுகின்றன; அது புற ஊதாவை ஏறத்தாழ முழுமையாகத் திருப்பும். பழத்தின் பக்கத்தில் நாலைந்து மடிப்பாக அதை வைத்தால், படத்தின் வெளிச்சத்தை அதோடு ஒப்பிடலாம். ஒரே கொத்தில் விரலால் தேய்த்த திராட்சை கறுத்தும் தேய்க்காதது வெளுத்தும் பதிந்தால், லென்ஸின் குறை இரண்டுக்கும் பொது, வித்தியாசம் பழத்தினுடையது. ஃபோகஸ் நகர்வதை மிரர்லெஸ் கேமராவின் திரையில், புற ஊதாவை மட்டும் விடும் ஃபில்டரை மாட்டியபடியே பார்த்துச் சரிசெய்யலாம். லென்ஸுக்கு ஃபோகஸ் வளையம் கிடையாது, 39 மி.மீ. மரைக்கு ஏற்ற அடாப்டரும் ஹெலிகாய்டும் அந்தக் குறையைத் தீர்க்கும்.

லென்ஸைக் குறை சொல்வோர் கவனிக்காமல் விடுபவை வேறு இரண்டு. ஒன்று, வெளிச்சம். மார்க்கெட்டின் கூரையிட்ட சந்துகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் புற ஊதா இல்லை என்றே சொல்லலாம். அங்கே குவார்ட்ஸ் லென்ஸும் கறுப்புப் படம்தான் தரும். பழத்தை வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். மற்றது, ஃபில்டர். சென்சருக்கு அகச்சிவப்பு மிகப் பிடிக்கும். ஃபில்டர் அதைத் துளி கசியவிட்டாலும் அகச்சிவப்புப் படத்தையே புற ஊதா என்று நம்பி ஏமாறுவோம். கையில் இருக்கும் பணத்தை முதலில் நல்ல ஃபில்டரில் போடுங்கள், அடுத்து கேமரா மாற்றத்தில். லென்ஸுக்கு மிஞ்சுவது போதும். 340-க்குக் கீழே ஒரு கேள்வி எழுந்தால் மட்டும் குவார்ட்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்த வாரம்: அகச்சிவப்புக் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

(தொடரும்)