தறியில் பிறந்த தேர்கள்

மருதமுனை என்ற பெயரைக் கேட்டதும் கைத்தறியின் ஓசைதான் நம் நினைவுக்கு வரும். சாரமும் சேலையும் நெய்து அம்பாறைக் கரையோரத்துக்குப் பெயர் தேடித் தந்த ஊர் அது. அவ்வூரிலும், அதற்குத் தெற்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாகத் தொடரும் ஊர்களிலும் இன்று வேறோர் ஓசையும் கேட்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலை இவ்வூர்களை ஊடறுத்துச் செல்கிறது. அஸர் தொழுகை முடிந்து வெயில் தணியும் வேளையில், அச்சாலையிலே பழைய ஜப்பானியக் கார்கள் புதுக்கோலம் பூண்டு செல்வதைக் காணலாம்.

வண்டியின் உயரம் குறைக்கப்பட்டிருக்கும். சில்லுகள் அகன்றிருக்கும். புகைபோக்கி மாற்றப்பட்டிருக்கும். சிலவற்றில் எஞ்சினே வேறாக இருக்கும். இவற்றின் மேல் காதல் கொண்ட இளைஞரிடையே 'லான்சர் பொக்ஸ்' என்றும் 'டிராட் சன்னி' என்றும் செல்லப் பெயர்கள் வழங்குகின்றன. 1979ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய நான்காம் தலைமுறைக் கொரொல்லாவை அவர்கள் அதன் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு 'கே.ஈ. 70' என்றே அழைப்பார்கள். பின்சில்லுகளால் உந்தப்படும் கார் அது. அதற்குப் பின்வந்த குடும்பக் கொரொல்லாக்கள் முன்சில்லுகளால் இழுக்கப்படுபவை. இந்த வேறுபாட்டையும் அதன் விளைவையும் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அஞ்சிய பையன் ஒருவன் தெளிவாக விளக்குவதைக் கேட்கும்போது, அவனுக்குப் படிப்பு வராது என்று நாம் எழுதிவைத்த தீர்ப்பு சரிதானா என்ற ஐயம் எழத்தான் செய்கிறது.

பெரியவர்களுக்கு இந்த மோகம் பிடிப்பதில்லை. உழைத்த பணம் இரும்பில் கரைகிறது என்பார்கள். நம் மரபுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்பார்கள். தொடர்பு இருக்கிறது. அது நம் தறியிலேயே இருக்கிறது.

டொயோட்டா நிறுவனத்தின் வரலாறு ஒரு நெசவுத் தறியிலிருந்து தொடங்குகிறது. தச்சர் ஒருவரின் மகனான சகிச்சி டொயோடா, 1890இல் மரத்தாலான கைத்தறி ஒன்றைச் சீர்திருத்தி அமைத்தார். பின்னர் விசைத்தறிக்கு வந்தார். நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிட வேண்டும் என்பது அவர் கண்ட பெரிய நுட்பம். ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறியை 1924இல் உருவாக்கினார். 1929இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. அவருடைய மகன் கிச்சிரோ 1933இல் தறி ஆலைக்குள்ளேயே மோட்டார்ப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? அமெரிக்க ஷெவர்லே எஞ்சினைப் பகுதி பகுதியாகக் கழற்றி, அளந்து, வரைந்து, கற்றதுதான். 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியாகப் பிறந்தது.

சுசுகியின் கதையும் இதுவே. மிச்சியோ சுசுகி 1909இல் ஹமமட்சு நகரில் தொடங்கியது தறி செய்யும் பட்டறை. சாரம் நெய்வதற்கென்றே அவர் ஆக்கிய தறிகள் தென்கிழக்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதியாயின. அந்த நிறுவனத்திலிருந்து 1955இல் சிறு கார் ஒன்று வெளிவந்தது. ஆகவே, மருதமுனை நெசவாளியின் பேரன் தன் சுசுகிக் காரைத் துடைத்து நிற்கும்போது அவன் கை தொடுவது அந்நியப் பொருளை எனினும், தொலைவில் பிரிந்துபோன ஓர் உறவினனையுந்தான்.

இந்தக் கார்கள் நம் கரைக்கு வந்து சேர்ந்த வழியும் அறியத்தக்கது. ஜப்பானியரும் நம்மைப் போலவே வீதியின் இடப்புறமாக ஓட்டுபவர்கள். அங்கே புதுக் கார் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கடுமையான பரிசோதனைக்கு உள்ளாக வேண்டும். அச்செலவை விரும்பாத பலர் நல்ல நிலையிலுள்ள காரையே விற்றுவிடுகிறார்கள். 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் இத்தகைய கார்கள் இலங்கைக்குப் பெருகி வந்தன. அதற்கு முன்னரோ, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால், பழைய மொரிஸ், ஒஸ்டின் கார்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்காது. இல்லாததைக் கடைந்தும் ஒட்டியும் உண்டாக்கிக்கொள்ளும் வித்தையைக் கராஜ்காரர் அந்தக் காலத்தில் கற்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. பழைய வித்தையின் மதிப்பும் உயர்ந்தது. தட்டுப்பாடு இருமுறை நமக்கு ஆசானாக வந்திருக்கிறது.

அந்த வித்தை எளிதானதன்று. கடற்காற்றிலுள்ள உப்பு காரின் அடித்தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். மேலே பூசிய வண்ணம் மின்னிக்கொண்டிருக்க, கீழே சட்டம் இற்றுப்போயிருக்கும். நல்ல பாஸ் ஒருவர் தட்டிப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார். வண்டியைத் தாழ்த்துவதற்குச் சுருள்வில்லை வெட்டிவிடுவது மலிவான வழி. சுற்று குறைந்தால் வில் விறைக்கும். சில்லு குழியில் இறங்கும்போது வில் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். அறிந்தவர்கள் அதற்கென அளந்து செய்த வில்லையே பூட்டுவார்கள். எஞ்சினின் வலுவைக் கூட்டுபவன் முதலில் பிரேக்கின் வலுவைக் கூட்ட வேண்டும் என்பது இத்தொழிலின் பாலபாடம். அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதிப்பவர்களால்தான் வீதியில் இரத்தம் சிந்துகிறது.

இங்கேதான் பெரியவர்களின் முறைப்பாட்டுக்கு நாம் செவிசாய்க்க வேண்டும். ஏ-4 நெடுஞ்சாலை பந்தயத் திடலன்று. பள்ளிவாசலும் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் சந்தையும் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன. முறைப்படி ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயங்களிலேயே ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டப் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. திடலிலேயே இப்படியென்றால், பிள்ளைகள் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வீதியில் என்ன நேராது?

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். அகநானூற்றின் நான்காம் பாட்டிலே குறுங்குடி மருதனார் ஒரு தலைவனைக் காட்டுகிறார். கார்காலத்தில் காதலியை நாடி விரையும் அவன், பூவிலே தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிக் கலங்குமே என்று தன் தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கும் அவசரம் இருந்தது. அவன் தேருக்கும் வேகம் இருந்தது. ஆயினும் வழியிலுள்ள சிற்றுயிரை அவன் மறக்கவில்லை. நள்ளிரவில் புகைபோக்கியை அலறவிட்டு, கைக்குழந்தையையும் நோயாளியையும் எழுப்பிச் செல்பவர் இந்தத் தமிழ்த் தேரோட்டியை ஒருகணம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

அப்படியானால், சட்டத்தின் கையில் விட்டுவிட்டால் போதுமா? 2025 ஜனவரியில் வாகனங்களிலுள்ள முறையற்ற துணைப்பாகங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கியதும் பஸ், முச்சக்கர வண்டிக்காரரிடையே பெரும் சலசலப்பு எழுந்தது. பறிப்பது சுலபம், எது தகும், எது தகாது என்று கற்பிப்பது கடினம். 2008 முதல் நம் நாட்டில் நடைபெறும் புகைப் பரிசோதனை புகையை அளக்கும், பிரேக்கை அளப்பதில்லை. ஜப்பானிலோ மாற்றியமைத்த காரும் பரிசோதனைக்கு வந்து நின்றாக வேண்டும். அதே ஜப்பானில், 1983இல் தோன்றி, பின்னர் டோக்கியோ ஓட்டோ சலூன் என்று பெயர் பெற்ற கண்காட்சி, மாற்றியமைத்த கார்களை மதிப்புக்குரிய கைத்தொழிலாக மேடையேற்றியது. அளவுகோலையும் மேடையையும் ஒருங்கே கொடுத்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

நம்மிடம் இரண்டும் இல்லை. இருப்பதெல்லாம் கராஜின் எண்ணெய் படிந்த தரையில் வாய்மொழியாக வழங்கும் அறிவு. ஒரு பாஸ் கண் மூடினால் முப்பது, நாற்பது ஆண்டு அறிவும் அவரோடு மண்ணுக்குள் போகிறது. கிச்சிரோ எஞ்சினைக் கழற்றினார். நம் பையனும் கழற்றுகிறான். அவர் அளந்து எழுதி வைத்தார், இவன் எழுதுவதில்லை. எழுதும் மொழியை நாம் அவனுக்குக் கொடுக்கவும் இல்லை.

இப்பணிக்கு வழிகாட்ட நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. கல்முனையை அடுத்த காரைதீவிலே பிறந்தவர் விபுலாநந்த அடிகள். விஞ்ஞானம் கற்ற அந்தத் தமிழறிஞர் மறைந்துபோன யாழை அளவும் கணக்கும் கொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தார். கைவினையையும் கணக்கையும் தமிழையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டிய முன்னோடி அவர். க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் அறிமுகமாயிற்று. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் இருக்கின்றன. ஆசிரியர் ஒருவர் தம் மாணவரை ஒரு கராஜுக்கு அழைத்துச் சென்று, பாஸ் சொல்வதை நல்ல தமிழில் குறித்துவரச் செய்தால் என்ன? வெட்டிய வில் ஏன் ஆபத்தானது என்பதை விஞ்ஞான பாடத்தில் விளக்கினால் என்ன? அந்த வகுப்பில் பின்வரிசைப் பையன் முன்வரிசைக்கு வந்துவிடுவான்.

தம் கைகளால் ஒரு பொறியை மீண்டும் உயிர்ப்பிக்க வல்ல இளைஞரைப் பழித்து ஒதுக்குவது பாவம். எல்லை காட்டாமல் வீதியில் விட்டுவிடுவது அதனினும் பெரிய பாவம். நூல் அறுந்த கணத்திலே தானாக நின்ற தறிதான் அந்தக் கார்களின் மூதாய். ஓடுவதைக் கற்றுக்கொண்ட நம் பிள்ளைகளுக்கு நிற்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.