பாலர் பள்ளியில் தந்தையர் விழா

குழந்தை வளர்ப்பு என்ற அளவில் தாயை நினைப்பதே உலக வழக்கு. பாலர் பள்ளி என்னும் அமைப்பும் அவ்வழக்கிலேயே பிறந்தது. ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் 1837ஆம் ஆண்டு சிறு குழந்தைகட்கென ஒரு நிலையத்தைத் தோற்றுவித்து, 1840இல் அதற்குக் 'குழந்தைத் தோட்டம்' என்று பெயரிட்டவர் பிரடரிக் புரோபெல். அவர் 1844இல் வெளியிட்ட பாட்டு நூல் தாய்மார்க்கென்றே எழுதப்பெற்றது. பிறந்து ஓராண்டு நிரம்புமுன் தாயை இழந்தவர் புரோபெல். தந்தையோ சமய குரு; ஊர்ப்பணியில் மூழ்கி, மகனுக்கு நேரம் ஒதுக்காதவர். அத்தகைய மகன் தந்தையர்க்கென ஒரு நூல் எழுதாமற் போனதில் வியப்பில்லை.

இன்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைச் சார்ந்த பாலர் வகுப்புகள் பலவற்றில் ஜூன் மாதத்து மூன்றாம் ஞாயிற்றை ஒட்டித் தந்தையர் விழா நடத்தப்பெறுகிறது. வரவேற்கத் தக்கதே. ஆயினும் நடத்தும் முறை பெரும்பாலும் பரிசளிப்பு விழாவின் சிற்றுருவாகவே இருக்கிறது. மேடை, ஒலிபெருக்கி, தலைமையுரை, குழந்தைகளின் ஆடல், பொன்னாடை, சிற்றுண்டி என்று முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் ஒரே கூரையின்கீழ் இருந்தும் தந்தையும் குழந்தையும் பத்து நிமிடங்கூட ஒருவரோடொருவர் பேசியிரார். இது முதற் குறை. இதனினும் பெரிய குறை, தந்தையை அழைத்து வர இயலாத குழந்தை அன்று பள்ளிக்கே வாராமல் நின்றுவிடுவது. இருபத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் அத்தகைய குழந்தைகள் இருவரோ மூவரோ இருப்பர். விழாவைத் திட்டமிடும் ஆசிரியர் அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும். எஞ்சிய இருபத்திருவர்க்கும் விழாவை வகுத்துவிட்டு, பின்னர் அம்மூவர்க்கும் ஓர் ஓரத்தில் இடம் தேடுவது முறையன்று.

தந்தையர் நாளின் வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. 1907ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மொனொங்கா என்னும் ஊர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 360க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் தந்தையை இழந்தனர். அருகிலிருந்த பேர்மான்ட் நகரில் கிரேஸ் கிளேட்டன் என்னும் பெண்மணியின் வேண்டுகோளால் 1908ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தேவாலயம் ஒன்றில் தந்தையர்க்கென ஒரு வழிபாடு நடைபெற்றது. அது ஆண்டுதோறும் தொடரவில்லை. பின்னர் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரில் சொனோரா டாட் என்பவர் இதே எண்ணத்தை எழுப்பினார். தாய் 1898இல் மகப்பேற்றில் இறந்தபின் தம்மையும் உடன்பிறந்தாரையும் தனியே வளர்த்த தந்தையை நினைந்து அவர் முயன்றதன் பயனாக, 1910ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அந்நகரில் விழா நடந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் 1966இல் அந்நாளை அறிக்கையால் ஏற்றார். 1972இல் நிக்சன் காலத்தில் அது சட்டமாயிற்று. ஆக, இவ்விழாவின் முதல் வித்து தந்தை இருந்த வீடுகளில் விழவில்லை. தந்தை திரும்பி வாராத வீடுகளில் விழுந்தது.

இனி, யாரை அழைப்பது என்னும் வினா. இங்குத் தமிழாசிரியர்க்குத் தமிழே துணை நிற்கிறது. பழந்தமிழில் 'எந்தை' என்றால் என் தந்தை, 'நுந்தை' என்றால் உன் தந்தை, 'தந்தை' என்றால் அவன் அல்லது அவளுடைய தந்தை. நுந்தை என்னும் முறைப்பெயரின் முதலெழுத்தில் நிற்கும் உகரம் குற்றியலுகரம் எனத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் தனித்து எடுத்தோதியதை ஆசிரியர்கள் அறிவர். மூன்றனுள் படர்க்கைச் சொல்லே பின்னர்ப் பொதுப்பெயராக நிலைத்தது. எனினும் பழைய வழக்கில் 'யாருக்குத் தந்தை?' என்னும் உறவு சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. விழா அழைப்பும் அவ்வாறே அமைதல் வேண்டும். 'தந்தையர் அனைவரும் வருக' என்னும் பொது அறிக்கையினும், 'இக்குழந்தைக்கு உரியவரே வருக' என்னும் தனியழைப்பே பொருத்தமுடையது.

வழக்கிலுள்ள உறவுப் பெயர்கள் இன்னும் தாராளமானவை. தந்தையின் அண்ணன் பெரியப்பா; தம்பி சிற்றப்பா. தாயின் தமக்கை கணவரும் தங்கை கணவரும் அப்பெயர்கட்கே உரியர். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என ஒரே சொல்லில் ஒதுக்கப்பெறும் இவர்கள் அனைவரையும் தமிழ் 'அப்பா' என்றே வழங்குகிறது. தாய்மாமன் அப்பா ஆகார். ஆனால் குழந்தைக்குக் காது குத்தும்போது மடி தருபவர் அவரே. தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே, தந்தையற்ற குழந்தைக்குச் சலுகை காட்டுவதாக எண்ணி யாரும் இரங்க வேண்டா. பெரியப்பாவோ மாமனோ வந்து அமர்வது தமிழர் குடும்ப அமைப்பின் இயல்பே.

யார் வருவார் என்பதை ஆசிரியர் ஒரு மாதத்திற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்கலாகாது. குழந்தையை அழைத்துச் செல்லத் தாயோ பாட்டியோ வரும்போது வாயிலில் தனித்து நின்று, 'விழாவுக்கு இவனோடு யார் வருவார், அம்மா?' என்று மட்டும் கேட்டாற் போதும். தந்தை இறந்தாரா, பிரிந்தாரா, சிறையில் இருக்கிறாரா என்பன ஆசிரியர்க்கு வேண்டாத செய்திகள். தாய் தானே வர விரும்பினால் அதற்கும் தடையில்லை. பின்னர்க் குழந்தையையும் கேட்க வேண்டும். தாய் ஒருவரைச் சொல்ல, குழந்தை வேறொருவரைச் சொல்வதும் உண்டு. வீட்டார்க்கு மறுப்பில்லையேல் குழந்தையின் சொல்லே நிற்கட்டும். இறந்த தந்தையைப் படமாக வரைய விரும்பும் குழந்தையைத் தடுத்தலும் தவறு. வரையுமாறு தூண்டுதலும் தவறு.

அடுத்து நாளும் நேரமும். ஜூன் மூன்றாம் ஞாயிறு என்பதில் மயங்க வேண்டா. சொனோரா டாட் விரும்பியது தம் தந்தை பிறந்த ஜூன் 5. உள்ளூர்க் குருமார்க்கு ஆயத்தம் செய்யக் காலம் போதாமையால் நாள் தள்ளிப் போயிற்று. நம் நாட்டிலோ மாநிலந்தோறும் வழக்கு வேறு. கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். ஜொகூரில் 2014 முதல் அவ்வழக்கே இருந்து, 2025இல் சனி ஞாயிறுக்கு மாறியது.

தந்தையரின் வேலை நேரமே உண்மையான இடர். பால்மரம் வெட்டுவோர் விடியுமுன் மரத்தடிக்குச் சென்று, வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப நண்பகலாகிவிடும். செம்பனைக் குலை வெட்டுவோர்க்குக் காலைப் பெரட்டைத் தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று. தோட்டப் பள்ளி என்னும் பெயர் நிலைத்திருப்பினும், இன்று அப்பள்ளிகள் பலவற்றில் பயிலும் குழந்தைகளின் தந்தையர் தோட்டத்தில் இல்லை. சிலர் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் வேலை முறைகளில் உழல்வர். சிலர் லாரி ஓட்டுவர். சிலர் இரவுக் காவல் பார்ப்பர். ஜொகூர் பாருவில் இருள் விலகுமுன் பாலம் கடந்து சிங்கப்பூர் செல்வோரும் பலர். இவர்கள் அனைவர்க்கும் பொருந்தும் ஒரே காலை வேளை எங்கும் கிடையாது. 'அழைத்தோம், வரவில்லை' என்று பள்ளி குறைப்படுவதில் நியாயம் இல்லை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விழாவை ஒரு நாளில் அடக்காமல் ஒரு பள்ளி வாரத்திற்குப் பரப்பிவிடலாம். இருபத்தைந்து குழந்தைகள், ஐந்து நாள், நாளொன்றுக்கு ஐவர் வருவர். ஒவ்வொருவரும் தம் ஓய்வு நாளையோ வேலை முறைக்கு முந்திய காலையையோ தேர்ந்துகொள்வர். பாலர் வகுப்பின் நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். கோயில் திருவிழா பத்து நாள் நடப்பதில் குறை காணாத தமிழர், தந்தையர் விழா ஐந்து நாள் நடப்பதில் குறை காண மாட்டார். மேடையும் வேண்டா, கூடாரமும் வேண்டா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குச் செலவும் மிச்சம். ஐவர் மட்டும் வரும் அறையில் ஆசிரியர் ஒவ்வொருவரோடும் பேச இயலும் என்பது இதன் தலையாய நன்மை.

அழைப்பிதழை அச்சிட வேண்டுவதில்லை. குழந்தை வரைந்த படத்தின் கீழ் நாளும் நேரமும் பெரிய எழுத்தில் இருந்தாற் போதும். அதனோடு வாய்மொழியாகவும், புலனத்தில் குரற்செய்தியாகவும் அழைத்தல் நலம். இதற்குக் காரணம் உண்டு. மலாய்ப் பள்ளியில் பயின்று தமிழ் எழுத்தை அறியாத தந்தையர் உளர்; இடையிற் படிப்பை விட்டோர் உளர். பள்ளி என்றாலே அவர்கட்கு ஓர் அச்சம். இவர்கள் கையில் கதைப்புத்தகத்தைக் கொடுத்து, குழந்தைகள் முன் படிக்கச் சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. மகன் முன் தடுமாறிய தந்தை மறுமுறை பள்ளி வாயிலை மிதிக்க மாட்டார். வாசிப்பை வளர்க்க வேண்டும் என்னும் ஆர்வம் நல்லதே. ஆயினும் அதற்கு இது வேளையன்று. கதையை வாயாற் சொல்லச் சொன்னால் போதும்.

அப்படியாயின், வந்த தந்தை என்ன செய்வார்? மைக்கேல் லாம்ப் முதலிய உளநூலறிஞர் 1980களில் தந்தையின் பங்கை மூன்றாக வகுத்தனர்: குழந்தையோடு நேரே ஈடுபடுதல், அழைத்த குரலுக்கு எட்டும் நிலையில் இருத்தல், குழந்தையின் தேவைகளை எண்ணிப் பொறுப்பேற்றல். மேடை விழாவில் இம்மூன்றனுள் ஒன்றும் இல்லை. ஆகவே, இருவரும் சேர்ந்து கையாற் செய்யும் தொழிலே விழாவின் நடுவாக அமைய வேண்டும்.

தென்னை ஓலை இதற்கு மிகச் சிறந்தது. ஊதல், காற்றாடி, கைக்கடிகாரம், பாம்பு, பந்து என்று ஓலையில் முடையும் விளையாட்டுப் பொருள்களைத் தோட்டத்தில் வளர்ந்த தந்தையர் பலர் இளமையிலேயே அறிவர். மறந்தவர்க்குப் பக்கத்திலிருப்பவர் காட்டிக் கொடுப்பார். ரப்பர்க் கொட்டையிற் செய்யும் சுழலியும் அத்தகையதே. ஆனால் கொட்டையில் துளையிடும் வேலை பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். குழந்தை ஓலையைப் பிடிக்கும், தந்தை மடிப்பார், குழந்தை இழுக்கும். ஆசிரியர் கற்பிக்க அறியாத ஒன்றைத் தன் தந்தை அறிந்திருக்கிறார் என்பதைக் குழந்தை கண்ணாற் காணும் இடம் இது. விரல் நுனிக்குப் பயிற்சி கிடைப்பது உபரி. எழுதுகோல் பிடிக்கப் பழகும் ஐந்தாறு வயதுக்கு அதுவும் வேண்டுவதே.

கைச்சுவடு பதித்தல் மற்றொன்று. பெரிய தாளில் தந்தையின் கையை வண்ணத்தில் தோய்த்துப் பதித்து, அதன் உட்புறம் குழந்தையின் கையைப் பதிக்கலாம். கழுத்துப்பட்டையும் சட்டையும் அச்சிட்டு விற்கப்படும் தாள்களை வாங்கி வண்ணம் தீட்டச் செய்வதினும் இது மேலானது. கழுத்துப்பட்டை அணிந்து தந்தை வேலைக்குப் போவதை அக்குழந்தைகளுள் எத்தனை பேர் கண்டிருப்பர்?

இறுதியாக உணவு. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாட்டு, குறுகுறு நடந்து வந்து, உண்கலத்துச் சோற்றைச் சிறுகையால் அளைந்து, மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகிறது. செல்வம் எத்துணை இருப்பினும் அக்காட்சி இல்லாதார் வாழ்வு பயனற்றது என்பது அதன் கருத்து. பாடியவர் ஓர் அரசர் என்பதை ஆசிரியர்கள் கருதிப் பார்க்க வேண்டும். தமிழில் பிள்ளைப் பாட்டு என்றதும் பெரியாழ்வார் தாயின் நிலையில் நின்று பாடியவையே பலர்க்கும் நினைவுக்கு வரும். இங்கோ ஓர் ஆண்மகன் ஆண்மகனாகவே நின்று, குழந்தை சிந்திய சோற்றை வியக்கிறார். எனவே சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கையில் கொடுத்தனுப்பாமல், ஒரே இலையில் இருவரையும் உண்ணச் செய்வது நன்று. தயிர்ச்சோறும் ஒரு வாழைப்பழமும் இருந்தாலும் போதும். சிந்தினால் துடைக்கத் துணி ஆயத்தமாக இருக்கட்டும். துடைப்பது தந்தையின் வேலை.

வருவதாகச் சொன்னவர் வாராமற் போவதும் நேரும். லாரி வழியில் நின்றிருக்கலாம். மேலாளர் விடுப்பை மறுத்திருக்கலாம். முந்திய இரவின் குடி தெளியாமலும் இருக்கலாம். மேடை விழாவில் இதற்கு மாற்று இல்லை. வாரமுழுதும் நடக்கும் விழாவிலோ, 'அப்பா நாளை வருவார்' என்று சொல்ல இடமுண்டு. மறுநாளும் வாராவிடின், குழந்தை நன்கறிந்த பள்ளிக் காவலரோ தோட்டக்காரரோ அருகில் அமர்ந்து ஓலை மடிக்கலாம். முன்பின் அறியாத அன்பரை அழைத்து வந்து உட்கார வைப்பது குழந்தையைக் குழப்புவதே ஆகும். இன்னொரு குழந்தையின் தந்தை இருவரையும் தம் பக்கத்தில் இருத்திக்கொள்வாராயின் அது எல்லாவற்றினும் நன்று.

விழா முடிந்தபின், எந்தக் குழந்தை யாரைத் தன்னவர் என்று சொன்னது என்னும் பட்டியலை ஆசிரியர் கிழித்தெறியாமல் காத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அக்குழந்தைகள் முதலாம் ஆண்டிற்குச் செல்வர். அங்கு ஏதேனும் ஒரு நாள் 'என் தந்தை' என்னும் தலைப்பில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வர். அத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதும் முன் வகுப்பாசிரியர் அப்பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.