பட்டாணியைக் காப்பாற்றிய பனிக்காற்று

ஃப்ரீசரில் வைத்த பட்டாணி கொழகொழத்துப் போகிறதே என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ இதற்கு விடையை லாப்ரடாரில் கண்டார். 1912-ல் நரித்தோல் வியாபாரத்துக்காக அங்கே போனவர் அவர். இன்யூட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் சட்டென விறைத்தது. மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் ருசி.

மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெருத்து செல்லைக் கிழிக்கும், உருகும்போது சாறு வடிந்துவிடும். வேகமாக உறைந்தால் படிகம் பொடியாகவே நிற்கும். சூட்சுமம் இவ்வளவுதான்.

ஆனாலும் முதல் கம்பெனி திவாலானது. மனிதர் அசரவில்லை. குளிர்ந்த உலோகப் பரப்புகளுக்கு நடுவே பொட்டலங்களை அழுத்தி உறைய வைக்கும் இயந்திரம் செய்தார். 1929-ல் தொழிலும் காப்புரிமைகளும் 2.2 கோடி டாலருக்கு விலைபோயின. மறு ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் உறைந்த பட்டாணி கிடைத்தது.

நீங்களும் பட்டாணியைக் குவித்து வைக்காதீர்கள். கொதிநீரில் 2 நிமிடம் போட்டு, குளிர்நீரில் ஆற்றி, ஈரம் போனதும் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உறைய வையுங்கள். பிறகு பையில் கட்டலாம்.