தரை பளபளக்கிறது, அதனுள் இருப்பது என்ன?

எழுமலையில் மாலை வேளையில் மண் தரையிலே பிள்ளைகள் கபடி ஆடுகிறார்கள். விழுகிறார்கள், முழங்கால் சிராய்க்கிறது, மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். “மதுரையிலே இருப்பதைப் போல நம் ஊருக்கும் ஒரு செயற்கைத் தரை வராதா?” என்று அவர்கள் ஏங்குவதில் தவறென்ன? பட்டணத்துப் பிள்ளைக்கு ஒரு தரை, பட்டிக்காட்டுப் பிள்ளைக்கு ஒரு தரை என்பது எந்த ஊர் நியாயம்?

2025 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையோடு மதுரையிலும் நடைபெற்றது. உலக நாடுகளின் இளைஞர்கள் நம் மதுரைச் செயற்கைத் தரையிலே ஆடினார்கள். பெருமைதான். சட்டமன்றத் தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. தனியாரோ, மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் ‘டர்ஃப்’ மைதானங்களைத் திறந்த வண்ணம் இருக்கிறார்கள். வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் ஓடி, விழுந்து, புரண்டு, மூச்சு வாங்கப்போகும் அந்தத் தரை எதனால் ஆனது என்று ஒரு வார்த்தை கேட்டோமா?

ஏன் கேட்கிறோம் என்று சொல்லுகிறோம்.

1968 ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் செயற்கை ஓடுதளத்தில் ஓட்டப் பந்தயங்கள் நடைபெற்றன. உலகமே வியந்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளின் உள்ளரங்குகளிலும் ரப்பர் போன்ற பாலியூரித்தேன் தரைகள் இடம் பிடித்தன. வழவழப்பு, மெத்தென்ற தன்மை, ஒட்டுப்போடாத ஒரே பரப்பு. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் குழம்பாக ஊற்றிய பொருள் இறுகுவதற்காக, அவற்றுள் பலவற்றில் பாதரசக் கூட்டுப்பொருள் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆயினும் அது அங்கேயே அடங்கிக் கிடக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஆவியாகி அரங்கின் காற்றிலே கலந்துகொண்டிருந்தது. நிறமில்லை, மணமில்லை, ஆகவே யாரும் அறியவில்லை. வெப்பம் ஏறினால் ஆவி கூடும்; காற்றோட்டம் குறைந்தால் தங்கும். 2003 ஆம் ஆண்டு ஒகையோ மாநிலப் பள்ளித் தரைகளை அரசு நச்சுப்பொருள் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோதுதான் செய்தி பரவலாக வெளிப்பட்டது. தரையைப் பெயர்த்தெடுக்கும் வேலையும் அபாயக் கழிவை அகற்றும் வேலையாகிவிட்டது!

பாதரசம் என்றால் என்ன என்று நம் பகுதி மக்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எழுமலைக்கு வடமேற்கே மலைமேல் இருக்கிறது கொடைக்கானல். அங்கே இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001 ஆம் ஆண்டு மூடப்பட்டது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் பழைய சாமான் கடைக்கே போய்ச் சேர்ந்திருந்தன. 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டபோது 2016 பிறந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகள்! நஞ்சு வருவதற்கு ஒரு நாள் போதும். நியாயம் வருவதற்கு எத்தனை ஆண்டுகள் பார்த்தீர்களா?

அமெரிக்காவின் பழங்கதை என்று ஒதுக்குவோர், சீனத்தைப் பார்க்கட்டும். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு நகரங்கள் பலவற்றில், புதிய ஓடுதளம் போட்ட பள்ளிகளின் பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வடிந்தது, தலை சுற்றியது, இருமல் வந்தது. கழிவு டயரையும் பழைய மின்கம்பி உறையையும் அரைத்து ஓடுதளப் பொருளாக்கிய பட்டறைகளை அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியே அம்பலமாக்கிற்று. பெற்றோர் பள்ளி வாயிலில் நின்று குரல் எழுப்பினர். விளைவு? பள்ளி ஓடுதளங்களுக்குக் கட்டாயத் தரவிதி பிறந்தது. 2018 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. பென்சீன், டொலுவீன், ஈயம், காட்மியம், பாதரசம் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் எல்லை கட்டினார்கள்.

இனிச் செயற்கைப் புல்லுக்கு வருவோம். புல்லுக்கிடையே கருப்பாகக் கிடக்கும் குருணை பெரும்பாலும் அரைத்த பழைய டயர்தான். புற்றுநோய் தரவல்ல சில வேதிப்பொருள்கள் அதில் இருக்கின்றன. ஆனால் ‘இருக்கிறது’ என்பதும் ‘உடம்புக்குள் போகிறது’ என்பதும் ஒன்றல்ல. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2016 இல், இத்தரையில் ஆடுவதால் வரும் ஆபத்து மிகச் சொற்பமே என்றார்கள். 2024 இல் அமெரிக்க அரசுத் துறைகளும், ஆடுவோர் உடலில் சேரும் அளவு குறைவாகவே இருக்கும் என்றன. எனினும், இது முழு ஆபத்துக் கணிப்பு ஆகாது என்றும் சேர்த்தே சொல்லின. ஐரோப்பிய ஒன்றியமோ 2022 ஆகஸ்டு முதல் குருணையில் அந்த நச்சுப்பொருள் எட்டுக்கும் சேர்த்து, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தது. நுண் பிளாஸ்டிக் மண்ணிலும் நீரிலும் பரவுவதைத் தடுக்க, 2031 அக்டோபரோடு அக்குருணையின் விற்பனையையே நிறுத்தவும் சட்டம் செய்துவிட்டது.

ஆகவே, பீதியைக் கிளப்புவது நம் நோக்கமன்று. சோதித்து அறிந்த தரை வேறு. சோதிக்காமல் கொட்டிய தரை வேறு. இந்த வேறுபாட்டைத்தான் வற்புறுத்துகிறோம். சித்திரை வெயிலில் செயற்கைப் புல் மண்ணைவிட எவ்வளவோ அதிகமாகச் சுடும் என்பதையும், சூடேறினால் வாடை கிளம்பும் என்பதையும் மதுரைச் சீமையில் சொல்லவா வேண்டும்!

நாம் கேட்பது பெரிதல்ல. ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே, தரையில் என்னென்ன பொருள் என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் கையில் கொண்டுவரும் துண்டைச் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். போட்டு முடித்த தரையிலே வெட்டியெடுத்துச் சோதியுங்கள். சான்றிதழைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலே ஒட்டுங்கள். வாடை அடங்கும்வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். தேய்ந்த தரையை யார் திரும்ப எடுத்துச் செல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஊர்க் கோடியிலே போட்டுக் கொளுத்துவது கூடவே கூடாது.

தரை போடும் தொழிலாளியையும் மறக்கக் கூடாது. குழம்பு காயுமுன் எழும் ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை வருவிக்க வல்லது. முகக்கவசமும் கையுறையும் சலுகையல்ல, அவனது உரிமை.

பெற்றோரே! விளையாடி வரும் பிள்ளையைக் கைகால் கழுவச் சொல்லுங்கள். காலணியிலுள்ள குருணையை வாசலிலேயே உதறச் சொல்லுங்கள். பிறகு பள்ளிக்குச் சென்று கேளுங்கள்: “இந்தத் தரையின் சோதனைச் சான்று எங்கே?”

எழுமலைக்கும் நல்ல மைதானம் வரவேண்டும். வரும் தரையிலே பிள்ளை விழுந்தால் முழங்கால் சிராய்க்கட்டும்; அது பத்து நாளில் ஆறும். நஞ்சு ஏறினால் ஆறுமா?