செடி வெளுக்குதா? உரத்தை திட்டாதீங்க... களிமண் உருண்டையை கழுவினீங்களான்னு பாருங்க!

சென்னை,

மண் வேண்டாம். மண்வெட்டி வேண்டாம். ஒரு தொட்டி தண்ணீர், கொஞ்சம் உரக்கரைசல், ஒரு மூட்டை களிமண் உருண்டை. இவ்வளவு இருந்தால் மொட்டை மாடியிலேயே புதினா, மிளகாய், தக்காளி, பாலக் கீரை எல்லாம் வளர்த்து விடலாம். ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்று சொல்லும் இந்த மண்ணில்லா விவசாயம், தோட்டம் போட இடம் இல்லாத வீடுகளுக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

ஆனால் ஆசை ஆசையாக ஆரம்பிப்பவர்களில் பலருக்கு முதல் 10 நாளிலேயே தலைவலி தொடங்கி விடுகிறது. நட்ட நாற்று நிமிர்வதில்லை. புது இலை வெளுக்கிறது. ‘உரம் டூப்ளிகேட்’ என்று கடைக்காரருடன் சண்டை. அடுத்து இன்னொரு பாட்டில் உரம். அதுவும் வேலை செய்யாது. காசு தண்ணீராக கரைகிறது.

பல நேரங்களில் உரத்தின் மீது தப்பே இல்லை. மூட்டையை பிரித்து, கழுவாமல், ஊற வைக்காமல் அப்படியே தொட்டியில் கொட்டினார்களே, அந்த உருண்டைதான் வில்லன்!

சூளையில் பொரிந்த களிமண்

இந்த உருண்டைகள் ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல் கிடையாது. ஒரு வகை களிமண்ணை சுழலும் சூளையில் போட்டு சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். அந்த சூட்டில் களிமண்ணுக்குள் வாயு உண்டாகி, அரிசி பொரி மாதிரி உப்பி விடுகிறது. வெளியே ஓடு. உள்ளே ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஓட்டைகள். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும்.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியை சேர்ந்த ஸ்டீபன் ஹெய்ட் என்பவர், இப்படி உப்ப வைத்த களிமண் கல்லுக்கு 1918-ம் ஆண்டு காப்புரிமை வாங்கினார். அப்போது இது செடிக்காக வரவில்லை. கான்கிரீட்டின் எடையை குறைக்கத்தான் வந்தது. 1919-ல் கடலில் இறக்கப்பட்ட ‘செல்மா’ என்ற எண்ணெய் கப்பலின் உடம்பே இந்த மாதிரி லேசான கல் போட்ட கான்கிரீட்தான்!

செடிக்கு இது ஏன் பிடிக்கிறது? ஓட்டைகளில் தண்ணீரும் தங்கும், காற்றும் தங்கும். வேர் அழுகாது. கழுவி கழுவி பல வருஷம் பயன்படுத்தலாம்.

சத்து இருந்தும் பட்டினி

இந்த விவசாயத்தில் எல்லாரும் சொல்லும் ஒரு வார்த்தை ‘பி.எச்’. தண்ணீர் புளிப்பு பக்கமா, சுண்ணாம்பு பக்கமா என்று காட்டும் அளவு அது. 0-ல் இருந்து 14 வரை போகும். நடுவில் 7. அதற்கு கீழே அமிலம், மேலே காரம். டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த சோரன்சன் என்ற விஞ்ஞானி 1909-ல் கொண்டு வந்த கணக்கு இது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு எண் மாறினால் 10 மடங்கு மாறியதாக அர்த்தம். 6-க்கும் 8-க்கும் 2 தானே வித்தியாசம் என்று நினைத்தால் மோசம் போவீர்கள். அது 100 மடங்கு!

மண்ணில்லா விவசாயத்தில் பெரும்பாலான செடிகளுக்கு 5.5 முதல் 6.5 வரை பி.எச். இருக்க வேண்டும். 7-ஐ தாண்டி மேலே ஏறினால் இரும்புச்சத்து தண்ணீருக்குள் இருந்தும் செடியால் இழுக்க முடியாது. பாஸ்பரஸ் சத்து கால்சியத்துடன் சேர்ந்து அடியில் படிந்து விடும். இலை நிறைய சாப்பாடு இருக்கிறது, ஆனால் கை எட்டவில்லை என்ற கதைதான்.

இதற்கு அடையாளம் என்ன? புதிதாக வரும் இளம் இலை மஞ்சள் ஆகும். அதன் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதை பார்த்து ‘சத்து போதவில்லை’ என்று மேலும் உரம் ஊற்றினால், உப்பு ஏறி வேர் கருகுவதுதான் மிச்சம்.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

நன்றாக சுட்ட உருண்டை தண்ணீரை பெரிதாக மாற்றாது. பிரச்சினை அதோடு சேர்ந்து வரும் சங்கதிகளில் இருக்கிறது. ஒன்று, உருண்டைகள் உரசி உண்டாகும் சிவப்பு தூசி. இரண்டு, சூளையில் சுட்டபோது ஓட்டைகளில் தங்கிய உப்பு. மூன்று, சில களிமண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்பு. சுட்டபிறகு அது தண்ணீர் பட்டதும் கரைந்து பி.எச்.சை மேலே தூக்கும்.

ஓட்டைக்குள் இருப்பது ஒரே நாளில் வெளியே வந்து விடாது. மெதுவாக கசியும். அதனால்தான் காலையில் 6 என்று சரி செய்துவிட்டு வந்தால், மறுநாள் 7.5 என்று காட்டி வயிற்றில் புளியை கரைக்கிறது.

வாங்கும்போதே ஒரு சின்ன சோதனை செய்யலாம். நாலைந்து உருண்டையை உடைத்து அதன் மேல் வினிகர் விட வேண்டும். சுர்ரென்று நுரை வந்தால் உள்ளே சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அந்த மூட்டை வேண்டாம். நுரை வராவிட்டாலும் கழுவும் வேலை, ஊற வைக்கும் வேலை கட்டாயம் உண்டு.

முதலில் குளியல்

உருண்டையை காய்ந்தபடியே சலிக்கக் கூடாது. அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. மேலே தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். மூக்கில் துணி கட்டிக் கொள்வது நல்லது.

வெங்காயம் வரும் வலைப்பை இருந்தால் போதும். அதில் பாதி அளவுக்கு உருண்டையை போட்டு, பக்கெட் தண்ணீரில் முக்கி முக்கி அலச வேண்டும். முதல் தண்ணீர் செம்மண் குழம்பு மாதிரி வரும். கொட்டிவிட்டு மறுபடி அலச வேண்டும். தண்ணீர் தெளிவாக வரும் வரை விடக்கூடாது.

அந்த சிவப்பு தண்ணீரை பாத்ரூம் குழாயில் ஊற்றினால் அடைப்பு நிச்சயம். வீட்டு வாசல் மண்ணிலோ, தெருவோர மரத்துக்கோ ஊற்றலாம். கழுவாமல் விட்டால் இதே தூசிதான் தொட்டியின் அடியில் சேறாகி மோட்டாரை அடைக்கும்.

ஒருநாள் முழுக்க ஊறல்

அடுத்து பெரிய பக்கெட்டில் போட்டு, உருண்டைக்கு மேல் 4 விரல் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். 24 மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். ஓட்டைக்குள் இருக்கும் காற்று முட்டை முட்டையாக வெளியே வரும். சில உருண்டைகள் மிதக்கும். பயப்பட வேண்டாம். மேலே ஒரு தட்டை கவிழ்த்து அமுக்கி வைத்தால் சரி.

மறுநாள் அந்த தண்ணீரை மொத்தமாக கொட்டிவிட வேண்டும். உப்பு அதில்தான் இறங்கியிருக்கும்.

இப்போது இரண்டாவது ஊறல். இந்த தடவை தண்ணீரின் பி.எச்.சை 5.5-ல் இருந்து 6-க்குள் கொண்டு வந்துவிட்டு உருண்டையை போட வேண்டும். 24 மணி நேரம் கழித்து, நன்றாக கலக்கிவிட்டு அளக்க வேண்டும். 6.5-ஐ தாண்டி ஏறியிருந்தால் கொட்டிவிட்டு புது தண்ணீரில் மறுபடி இதே வேலை.

எத்தனை தடவை? அது மூட்டையை பொறுத்தது. சிலது ஒரே தடவையில் அடங்கும். சிலது நாலைந்து நாள் அடம் பிடிக்கும். ஒருநாள் முழுக்க வைத்தும் அளவு ஏறக்குறைய அசையாமல் நின்றால் உருண்டை ரெடி. அதற்கு பிறகுதான் நாற்றுக்கு அழைப்பு.

கல்லா? தண்ணீரா? காட்டிக்கொடுக்கும் 2 குவளை

எத்தனை தடவை மாற்றினாலும் பி.எச். ஏறுகிறதா? அப்படியானால் உருண்டையை மட்டும் சந்தேகப்படக் கூடாது. தண்ணீரே திருடனாக இருக்கலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரே தண்ணீரை எடுத்து பி.எச்.சை 6-க்கு கொண்டு வந்து 2 குவளையில் ஊற்ற வேண்டும். ஒன்றில் கழுவிய உருண்டையை போட வேண்டும். மற்றதில் வெறும் தண்ணீர். 24 மணி நேரம் கழித்து இரண்டையும் அளக்க வேண்டும்.

உருண்டை போட்ட குவளை மட்டும் ஏறியிருந்தால் குற்றவாளி உருண்டை. இன்னும் ஊற வேண்டும். இரண்டும் ஒன்று போல ஏறியிருந்தால் தண்ணீர்தான் காரணம். உருண்டையை வருஷக்கணக்கில் ஊற வைத்தாலும் பயன் இல்லை.

சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பு, ஊற்றும் ஆசிட்டை விழுங்கி கார்பன் டை ஆக்சைடு வாயுவாக மாறும். கோலி சோடாவை திறந்து வைத்தால் கேஸ் போவது மாதிரி, அந்த வாயு மெதுவாக வெளியேறும். வெளியேற வெளியேற பி.எச். மேலே வரும். அதனால் ஆசிட் கலந்த உடனே அளந்து நிம்மதி அடையக் கூடாது. மறுநாள் அளப்பதுதான் நிஜக் கணக்கு.

இதற்கு கைகண்ட மருந்து மழைத்தண்ணீர். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லா கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. அந்த தொட்டி தண்ணீர் சுத்தமாக இருந்தால் போர் தண்ணீருடன் பாதிக்கு பாதி கலக்கலாம். வெறும் மழைத்தண்ணீர் மட்டும் என்றால் தாங்கும் சக்தி இல்லாமல் ஒரு சொட்டு ஆசிட்டுக்கே பி.எச். தடாலென்று விழும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடும் கழிவு தண்ணீர் இதற்கு கூடவே கூடாது. உப்பு முழுக்க அதில்தான் இருக்கும்.

ஆசிட் விஷயத்தில் உஷார்!

பி.எச்.சை இறக்க பெரும்பாலும் பயன்படுவது பாஸ்பாரிக் ஆசிட். கடையில் ‘பி.எச். டவுன்’ என்ற பெயரில் கிடைக்கும். சொட்டு சொட்டாக விட்டு, கலக்கி, கால் மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். ஆசிட்டை தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றினால் தெறித்து கண்ணே போய்விடும். கையுறை வேண்டும். பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

கக்கூஸ் கழுவும் ஆசிட், பழைய பேட்டரி ஆசிட் இரண்டுக்கும் தடா. பழைய பேட்டரியில் ஈயம் இருக்கும். அது விஷம். சாப்பிடுகிற கீரையில் இந்த விளையாட்டு வேண்டாம்.

எலுமிச்சம்பழம், வினிகர் விடலாமா? ஊற வைத்து கொட்டப்போகிற தண்ணீர் என்றால் தாராளமாக விடலாம். பிறகு 2 தடவை அலசினால் போதும். ஆனால் செடி நிற்கும் தொட்டியில் ஊற்றினால், கிருமிகள் அதை தின்றுவிட்டு பி.எச். பழையபடி ஏறும். வழவழப்பும் பிடிக்கும்.

அளக்கும் பேனா மீட்டரும் பொய் சொல்லும். 7, 4 என்று குறித்த சோதனை கரைசலில் வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். மீட்டர் வாங்க வசதி இல்லை என்றால் சொட்டு மருந்து கிட் போதும். நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டு பார்த்து விடலாம்.

உடைந்த செங்கல் போடலாமா?

களிமண் உருண்டைக்கு பதில் உடைந்த செங்கல்லை போட்டு சிக்கனம் பார்ப்பவர்களும் உண்டு. சிமெண்ட் ஒட்டாத செங்கல் என்றால் கழுவி, ஊற வைத்து, அதே 2 குவளை சோதனை செய்து பார்க்கலாம். இடித்த வீட்டு செங்கல் வேண்டாம். ஒட்டியிருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பும் பி.எச்.சை ஒரேயடியாக ஏற்றிவிடும்.

நட்ட பிறகு தினமும் பி.எச். கொஞ்சம் ஏறி இறங்குவது சகஜம். செடி சத்தை உறிஞ்சும்போது அப்படித்தான் ஆகும். 5.5-க்கும் 6.5-க்கும் இடையே ஆடினால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதற்காக காலையும் மாலையும் ஆசிட் பாட்டிலை தூக்கினால் செடிதான் நொந்து போகும்.

வெயில் காலத்தில் மேல் உருண்டைகளில் வெள்ளையாக பூத்தால் அது உரத்தின் உப்பு. வெறும் தண்ணீரை மேலே ஊற்றி அலசி, அந்த தண்ணீரை கொட்டிவிட வேண்டும்.

அறுவடை முடிந்ததும் வேரை பிய்த்து எடுத்துவிட்டு, உருண்டையை வெந்நீரில் போட்டு எடுத்து வெயிலில் காய வைத்தால் அடுத்த போகத்துக்கு தயார். கிருமி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். அது வேண்டாம். அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கஷ்டப்பட்டு இறக்கிய பி.எச். மறுபடி மேலே போய்விடும்.