ஆடியவரும் ஆட்டுவித்தவரும்

உதைபந்தாட்ட வீரரின் தொழில் வாழ்வு மிகக் குறுகியது. ஓர் ஆசிரியர் அறுபது வயது வரை கற்பிக்கலாம். ஒரு வைத்தியர் எழுபதிலும் நோயாளரைப் பார்க்கலாம். பந்தை நம்பி வாழ்பவரோ முப்பத்தைந்து வயதை அண்மியதும் தம் கால்கள் சொற்கேளாமையைக் காண்கின்றார். பதினெட்டில் தொடங்கிய தொழில் இன்னொரு பதினெட்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுகின்றது. அதன்பின் அவர் கற்றவையெல்லாம் என்னாகும்? அவரோடு மறைந்துபோகுமா, அன்றேல் இன்னொருவர்க்குக் கைமாறுமா? புகழ்பெற்ற ஆட்டக்காரரைப் பற்றி மட்டும் எழும் கேள்வியன்று இது. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் விடுமுறை நாட்களில் பந்தாடும் இளைஞரைப் பற்றியதுமாகும்.

இதனை விளங்கிக்கொள்ள முதலில் ஆடுகளத்தை நோக்குவோம். ஓரணியில் பதினொருவர் ஆடுகின்றனர். முன்னணி வீரர் கோல் போடுகின்றார். பின்னணி வீரர் கோலைத் தடுக்கின்றார். இவ்விரு சாராரையும் இணைப்பவர் நடுக்கள வீரர். பின்னணியில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். நடுக்கள வீரருக்கோ ஆட்டம் நாற்புறமும் சூழ்ந்திருக்கும். ஆகவே பந்து தம் காலை அடையுமுன்னரே தலையைத் திருப்பி, தம்மவர் எங்கே, எதிரணியினர் எங்கே, வெற்றிடம் எங்கே என்பதை அவர் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பந்தை எப்போது விரைவாக அனுப்புவது, எப்போது சற்றுத் தாமதித்து ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பது என்பதும் அவர் தீர்மானமே. பயிற்றுநரின் வேலையும் ஏறத்தாழ இதுவேயன்றோ? நடுக்கள வீரர் பலர் பிற்காலத்தில் பயிற்றுநராவது இதனால் வியப்பன்று.

பிரான்ஸ் நாட்டு டிடியே டேஷாம் இதற்குச் சிறந்த உதாரணம். கோல் போட்டுப் பெயரெடுத்தவரல்லர் அவர். எதிரணியின் பந்தைப் பறித்துத் தம்மிலும் திறமையுள்ளவருக்குக் கொடுப்பதே அவர் பணியாயிருந்தது. அவர் நாட்டு வீரரான எரிக் கன்டோனா ஒருமுறை அவரை 'நீர் சுமப்பவர்' என்று இகழ்ந்துரைத்தார். மலைச்சரிவில் கொழுந்து பறிப்போருக்கு நீர் சுமந்து செல்பவரின் அருமை தோட்டத்து மக்களுக்குத் தெரியும். அந்த 'நீர் சுமப்பவர்' 1998 இல் அணித்தலைவராக உலகக் கிண்ணத்தை ஏந்தினார்; இருபது ஆண்டுகள் கழித்து, 2018 இல், பயிற்றுநராக அதே கிண்ணத்தைத் தம் நாட்டுக்கு மீண்டும் வென்று கொடுத்தார். வீரராகவும் பயிற்றுநராகவும் உலகக் கிண்ணத்தை வென்றோர் அவருக்கு முன் பிரேசிலின் ஸகாலோ, ஜேர்மனியின் பெக்கன்பவர் ஆகிய இருவரே.

தமிழருள் இவ்விரு நிலைகளையும் கண்டவர் ஒருவர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கப்பலேறியோருள் ஒரு சாரார் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தனர். மற்றொரு சாரார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். அந்தச் சிங்கப்பூர்த் தமிழரிடையே 1965 இல் பிறந்தவர் வி. சுந்தரமூர்த்தி. முன்னணியிலும் நடுக்களத்திலும் ஆடிய இவர், 1980களின் முற்பகுதியிலேயே, இளம் வயதில், சிங்கப்பூரின் தேசிய அணியில் இடம்பெற்றார். அதே ஆண்டுகளில் இலங்கை மலையகத்தில் எத்தனையோ இளைஞர், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றவராயிருந்தனர் என்பதை ஈண்டு நினைத்தல் தகும். குடியுரிமை இல்லாதவர் எவ்வளவு திறமையாகப் பந்தாடினும் ஒரு நாட்டின் சட்டையை அணிந்து களம் இறங்க இயலாது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

சுந்தரமூர்த்தியின் ஆட்டம் பார்ப்போரைக் கிறங்க வைத்தது. எதிரணியினர் இருவர் மூவர் சூழ்ந்து நிற்கும்போதும் பந்தைக் காலோடு ஒட்டவைத்து, உடலை ஒருபுறம் சாய்ப்பது போலக் காட்டி மறுபுறம் நழுவிச் செல்வார். கண்ணைப் பறிப்பவர் என்ற பொருள்பட 'டாஸ்லர்' என ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை அழைத்தன. மலேசியாவின் கெடா மாநில அணிக்கு ஆடினார். சுவிற்சர்லாந்தின் பாசல் கழகத்தில் 1980களின் இறுதியில் இடம்பெற்றார். ஆசிய வீரர் ஐரோப்பியக் கழகங்களில் ஆடுவது அரிதாயிருந்த காலம் அது. புருணை அணிக்கெதிராக 1993 இல் அந்தரத்தில் மல்லாந்து, தலைக்கு மேலாகப் பந்தை உதைத்து அவர் போட்ட கோலைச் சிங்கப்பூர் ரசிகர்கள் இன்றும் பேசுகின்றனர்.

இத்தகைய வீரர் பயிற்றுநரானால் என்ன செய்வார்? தம்மைப் போலவே ஆடும்படி இளைஞரை ஏவுவார் என்றே எவரும் எண்ணுவர். அங்கேதான் பல பெருவீரர் தவறிவிடுகின்றனர். காலில் பிறப்போடு அமைந்த நுட்பத்தைப் பிறர்க்குச் சொல்லிக்கொடுத்தல் அரிது. தமக்கு எளிதாயிருந்தது பிறர்க்கு ஏன் வரவில்லை என்று சினந்து கொள்வதே மிஞ்சும். சுந்தரமூர்த்தி வேறு வழியைத் தேர்ந்தார். ஜூரோங் கழகத்திலும், பின்னர் 'இளஞ் சிங்கங்கள்' எனப்படும் இளையோர் அணியிலும் பயிற்றுநராக அனுபவம் பெற்ற அவர், தம் கால்வித்தையை அன்றி, ஒழுங்கையே போதித்தார். பந்தை இழந்த மறுகணமே ஒவ்வொருவரும் எங்கே திரும்ப வேண்டும், இருவருக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும், எவர் எவரைக் காக்க வேண்டும் என்பவையே அவருடைய பாடங்களாயின.

இதன் பயன் 'லயன்ஸ் பன்னிரண்டு' அணியில் வெளிப்பட்டது. மலேசியப் போட்டிகளிலிருந்து 1994 ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிய சிங்கப்பூர், 2012 இல் இவ்வணியின் மூலம் மீண்டும் அப்போட்டிகளிற் சேர்ந்தது. அணியிற் பெரும்பாலோர் இளைஞர். முதல் ஆண்டில் அவர்கள் மலேசிய உயர்மட்ட லீக்கில் கிளந்தானுக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றனர். 2013 ஜூலையில் ஜாலான் புசார் அரங்கில் ஃபெல்டா யுனைட்டெட் அணியை 4–0 எனத் தோற்கடித்து, வெற்றிக் கிண்ணத்தையே தமதாக்கினர். ஆட்டக்காரராகத் தனியொருவராய் ஒளிவிட்டவர், பயிற்றுநராகத் தனியொருவரை நம்பாத அணியைக் கொண்டு வென்றார்.

ஆயினும் இவ்வாழ்வு முழுவதும் வெற்றியே என்று கூறுதல் உண்மையாகாது. 2016 மே மாதத்தில் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவ்வாண்டின் தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியில் சிங்கப்பூர் பிலிப்பைன்ஸுடன் கோலின்றிச் சமன் செய்து, தாய்லாந்திடமும் இந்தோனேசியாவிடமும் தோற்று, முதற் சுற்றோடு வெளியேறியது. 2019 ஆம் ஆண்டின் ஆசியக் கிண்ணத்துக்கும் தகுதி பெறவில்லை. காப்பதிலேயே கவனம் செலுத்துகின்றார், முன்னேறித் தாக்க அஞ்சுகின்றார் என்று ரசிகர்கள் குறைகூறினர். இளமையில் எவருடைய துணிச்சலைக் கண்டு கைதட்டினார்களோ அவரையே துணிச்சலற்றவர் என்றனர். 2018 ஏப்ரலில் அவர் அப்பதவியை விட்டு நீங்கினார். வீரர் தவறினால் அணியில் இன்னும் பத்துப் பேர் உண்டு. பயிற்றுநர் தோற்றால் அவர் ஒருவரே தோற்றவர். இத்தொழிலை விரும்புவோர் இதனையும் அறிந்தே விரும்ப வேண்டும்.

இனி மலையகத்துக்குத் திரும்புவோம். டிக்கோயாவின் தரவளையில் தோட்டத் துரைமார் 1868 இலேயே தமக்கெனக் கிரிக்கெட் கழகம் அமைத்துக்கொண்டனர். லயன்களில் வாழ்ந்தோரின் பிள்ளைகளுக்கோ சமதரை கிடைப்பதே அருமை. சர்வதேச ஆட்டத்துக்குரிய களம் குறைந்தது 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். செங்குத்தான மலையில் அத்தனை இடத்துக்கு எங்கே போவது? லயன் முற்றத்திலும் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள சிறு வெளியிலும் பிள்ளைகள் ஆடுகின்றனர். கொஞ்சம் பலமாக உதைத்தால் பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு பள்ளத்தில் போய் நிற்கும்.

இக்குறையிலும் ஒரு நன்மை உண்டு. குறுகிய இடத்தில் ஆடிப் பழகிய காலுக்குப் பந்தை அடக்கும் நுட்பம் இயல்பாகவே அமையும். ஆனால் அகன்ற களத்தில் இடம் அறிந்து நிற்றல், பிறருக்காக வெற்றிடம் உண்டாக்குதல், தொண்ணூறு நிமிடம் மூச்சைப் பங்கிட்டுச் செலவிடுதல் ஆகியவை முற்றத்து ஆட்டத்தில் வாய்ப்பதில்லை. அவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். கால்நுட்பம் தானாக வரும், ஒழுங்கு கற்பித்தே வரும் என்பதைச் சுந்தரமூர்த்தியின் வரலாறும் காட்டுகின்றது.

அவ்வாறு கற்பிப்பதற்கும் கல்வி உண்டு. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு பயிற்றுநர்க்குப் படிப்படியாகச் சான்றிதழ்கள் வழங்குகின்றது. 'சீ' நிலையில் தொடங்கி, 'பீ', 'ஏ' என உயர்ந்து, 'புரோ' என்னும் தொழில்முறை நிலையில் அது முடிகின்றது. சிறுவரைப் பயிற்றுவோர்க்குக் கீழ்நிலைச் சான்றிதழே பெரும் உதவியாகும். பயிற்சியை எவ்வாறு திட்டமிடுவது, வளரும் உடலுக்கு எவ்வளவு உழைப்புத் தகும், காயம் பட்டவரை எப்போது களத்திலிருந்து அகற்றுவது என்பவை முறையாகக் கற்க வேண்டியவை. முன்னாள் வீரர் என்னும் பெயர் ஒன்றே இவற்றுக்கு ஈடாகாது.

பயிற்றுநரைக் கங்காணியாக எண்ணிவிடுதலும் கூடாது. கங்காணி பின்னால் நின்று ஏவுவார். கொழுந்தின் நிறையைக் கணக்கிடுவார். பயிற்றுநர் ஒவ்வொரு பிள்ளையின் குறையையும் நிறைவையும் அறிந்து, இன்று இயலாதது நாளை எவ்வாறு இயலும் என்று வழி வகுப்பார். பாடசாலைப் பிள்ளை ஒருவர் பந்தாட்டத்தினால் உலகப் புகழ் பெறாமற் போகலாம். பெறுவோர் எந்த நாட்டிலும் மிகச் சிலரே. எனினும் நன்கு பயிற்றப்பட்டவர் தம் உடலைப் பேணவும், தோல்வியைத் தாங்கவும், பிறரோடு இணைந்து இயங்கவும் கற்றுக்கொள்வார்.

தோட்டந்தோறும் ஒரு காலத்தில் நன்றாக ஆடி, இன்று ஆட்டத்தைக் கரையில் நின்று பார்க்கும் மூத்தோர் இருக்கின்றனர். அவர்களுக்கு முறையான பயிற்சி பெற வாய்ப்பளித்து, மாலைப்பொழுதில் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைப்பது பாடசாலைகளும் தோட்டத்து விளையாட்டுக் கழகங்களும் கூடிச் செய்யத்தக்க காரியம். பெரிய மைதானம் அமையும் வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பந்தும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும், முற்றத்து அளவான சமதரையும் போதும்.